லவுட் ஸ்பீக்கரில் தொடங்கிய ஸ்மார்ட் கிராமம்! வில்லியனூர் முதல் பாகூர் வரை ஒரு நெட்வொர்க்கின் கதை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. புதுச்சேரிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய மீனவ கிராமம் நல்லவாடு. சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவரிடமிருந்து வீட்டுக்கு போன் வருகிறது. கடல் பொங்கும் செய்தி அவருக்கு அங்கே தெரிந்துவிட்டது. 'உடனே எல்லாரையும் கிளம்பச் சொல்லுங்க' என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

ஒரு வீட்டுக்கு வந்த தகவல். ஊருக்கே எப்படிச் சொல்வது? ஊரில் இருந்த தகவல் மையத்தின் கதவை உடைத்துத் திறந்தார்கள். அங்கே ஒரு மைக் இருந்தது. வெளியே லவுட் ஸ்பீக்கர்கள் இருந்தன. அறிவிப்பு கேட்டதும் ஊர் மொத்தமும் மேட்டுப் பகுதியை நோக்கி ஓடியது. சுமார் 150 வீடுகளையும் 200 படகுகளையும் சுனாமி கொண்டுபோனது. ஆனால், அந்த ஊரின் 3,600-க்கும் மேற்பட்ட மக்கள் பிழைத்துக்கொண்டார்கள். அதே நாளில் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் மட்டும் சுமார் 600 பேர் இறந்தார்கள்.

'சரி, ஒரு போன் காலும் ஒரு ஸ்பீக்கரும். இதுல டெக்னாலஜி எங்கே இருக்கு?'ன்னு தோணலாம். அந்த ஸ்பீக்கர் தற்செயலாக அங்கே வந்ததில்லை. ஆறு வருடங்களுக்கு முன்பே வில்லியனூரில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியின் கடைசிக் கண்ணி அது. இன்றைக்கு சென்சார், ஐ.ஓ.டி., ஸ்மார்ட் வில்லேஜ் என்று நாம் பேசும் விஷயங்களை, ஸ்மார்ட்போனே இல்லாத காலத்தில் செய்து பார்த்த கதை.

1998: வில்லியனூரில் என்ன நடந்தது?

வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் 1988-ல் தொடங்கியது எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். அது, கனடாவின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பின் நிதியுதவியோடு 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் 'தகவல் கிராமம்' என்ற ஆராய்ச்சித் திட்டத்தை ஆரம்பித்தது. மையப்புள்ளி வில்லியனூர். அங்கிருந்து எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் என்று கிராமம் கிராமமாக இணைப்பு போனது. கீழூர்னா ஞாபகம் இருக்கா? 1954 அக்டோபர் 18-ம் தேதி, பிரெஞ்சு இந்தியப் பகுதிகள் இந்தியாவோடு இணைவதற்காக 178 பிரதிநிதிகள் வாக்களித்த அதே ஊர்தான்.

கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்னால் ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். இந்த மக்களுக்குத் தகவல் இப்போது எங்கிருந்து வருகிறது என்று சர்வே எடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர், சந்தை... பெரும்பாலும் இவைதான் பதில். அதனால் இன்டர்நெட்டை அப்படியே கிராமத்தில் கொண்டுபோய்க் கொட்டாமல், மக்கள் கேட்பதை அவர்கள் பேசும் தமிழில் தருவது என்று முடிவானது.

கிராமத்துக்கும் நிபந்தனைகள் இருந்தன. ஊர் சார்பில் ஓர் அறை வாடகையில்லாமல் தர வேண்டும். அதை நடத்த உள்ளூர்த் தன்னார்வலர்கள் வர வேண்டும். சாதி, ஆண்-பெண் பேதம் இல்லாமல் எல்லோருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைக்குப் பிறகு வருவோம். கதையின் உயிரே அதுதான்.

போன் லைனே சரியில்லாத ஊரில் நெட்வொர்க் எப்படி?

அப்போது கிராமங்களில் டெலிபோன் லைன் கிடைப்பதே குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் டேட்டா போகும் அளவுக்குத் தரம் இருக்காது. அதனால் வில்லியனூரில் மட்டும் டயல்-அப் இன்டர்நெட். அங்கிருந்து கிராமங்களுக்கு வி.எச்.எஃப். ரேடியோ. போலீஸ்காரர்கள் கையில் வைத்திருக்கும் வாக்கி-டாக்கியின் குடும்பம்தான் இது. அதே ரேடியோவில் குரலும் போகும், மோடம் மாட்டினால் டேட்டாவும் போகும். கரன்ட் கட் ஆனால் சமாளிக்க சோலார் பேனல்கள்.

தகவல் மூன்று கட்டங்களாகப் பயணித்தது.

முதல் கட்டம், வில்லியனூர் மையம். வானிலை, நெல் விலை, உர விலை, அரசுத் திட்டங்கள், கண் சிகிச்சை முகாம் தேதி என்று பல இடங்களிலிருந்து சேகரித்து, தமிழில் எளிமையாக்குவார்கள்.

இரண்டாம் கட்டம், ரேடியோ வழியாகக் கிராம மையத்துக்கு அனுப்புவது.

மூன்றாம் கட்டம், அங்கிருக்கும் தன்னார்வலர். இவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தகவலை போர்டில் எழுதிப்போடுவார்கள், நேரில் வருபவருக்குப் படித்துச் சொல்வார்கள், தேவைப்பட்டால் மைக்கில் அறிவிப்பார்கள். ஊரில் என்ன விலை போகிறது, மக்கள் என்ன கேட்கிறார்கள் என்பது அதே வழியில் வில்லியனூருக்குத் திரும்பிப் போகும்.

இன்றைய ஐ.ஓ.டி. பாஷையில் சொன்னால், வில்லியனூர்தான் 'கேட்வே'. கிராம மையங்கள் 'நோட்'. அந்த நோடில் இருந்த சென்சார் மட்டும் மெஷின் இல்லை, மனுஷி!

அமெரிக்கக் கடற்படையின் மேப், வீராம்பட்டினத்தின் மைக்

நெல் விளையும் எம்பலத்துக்குத் தேவையான தகவல் வேறு, கடலை நம்பியிருக்கும் வீராம்பட்டினத்துக்குத் தேவை வேறு. 'இன்னிக்கு அலை எவ்வளவு உயரம் இருக்கும்?' என்பதுதான் மீனவர்களின் முதல் கேள்வி. கட்டுமரத்திலும் சின்ன ஃபைபர் படகிலும் போகிறவர்களுக்கு அது உயிர்ப் பிரச்னை.

அந்தத் தகவல் அமெரிக்கக் கடற்படையின் வெப்சைட்டில் வங்காள விரிகுடாவுக்கான அலை வரைபடமாக இலவசமாகக் கிடைத்தது. வில்லியனூரில் அதை டவுன்லோடு செய்து, 'இத்தனை அடி அலை, காற்று இந்தத் திசையில்' என்று தமிழாக்கி அனுப்பினார்கள். வீராம்பட்டினத்தில் ஸ்பீக்கர்கள் வழியாக அது கடற்கரை வரை கேட்டது. எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில் உருவான கணக்கு, வலை பின்னிக்கொண்டிருந்தவரின் காதில் அவருடைய பேச்சுத் தமிழில் விழுந்தது.

தினமும் கடல் நிலவரம் சொன்ன இப்படியொரு ஸ்பீக்கர்தான் 2004-ல் நல்லவாட்டில் ஊரைக் காப்பாற்றியது. அன்று இந்தியப் பெருங்கடலில் சுனாமி எச்சரிக்கை அமைப்பே கிடையாது. இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்கு சுமத்ரா அருகே நிலநடுக்கம். நம் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. நேரம் இருந்தது. அந்த நேரத்தைப் பயன்படுத்த வழி இருந்த ஊர்கள்தான் மிகக் குறைவு. அந்த ஸ்பீக்கரைத் தினமும் கேட்டுப் பழகியிருந்ததால், அது 'ஓடுங்க' என்றபோது யாரும் நின்று யோசிக்கவில்லை.

கோயிலுக்கு இரண்டு கதவு

எம்பலத்தில் தகவல் மையத்துக்கு இடம் கிடைத்தது ஒரு பழைய கோயில் கட்டடத்தில். 2000-ம் ஆண்டு மே மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' இதைப் பற்றி எழுதியது. அந்தக் கட்டடத்துக்கு இரண்டு கதவுகள். ஒன்று சந்நிதிக்குப் போவது. தலித் மக்களும் மாதவிடாயில் இருக்கும் பெண்களும் அதற்குள் நுழைய முடியாது. இன்னொன்று கம்ப்யூட்டர் அறைக்குப் போவது. அதற்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம்.

எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஏன் அவ்வளவு முக்கியம்? ஓர் அறையில் மைக்கும் கம்ப்யூட்டரும் இருந்து, அந்த அறைக்குள் ஊரில் பாதிப் பேர் வர முடியாது என்றால், அந்த நெட்வொர்க் பாதி ஊருக்குத்தான் வேலை செய்கிறது. சிக்னல் நூறு சதவிகிதம் இருந்தாலும் இதுதான் நிலை. ஸ்பீக்கர் எந்தத் தெரு வரை கேட்கிறது, சாவி யார் வீட்டில் இருக்கிறது, கேள்வி கேட்க யாருக்கெல்லாம் தயக்கம் இல்லை... இதெல்லாமே நெட்வொர்க் டிசைனின் பகுதிதான். பெண்களைத் தன்னார்வலர்களாக்கியதில் இன்னொரு பலனும் உண்டு. உடம்பு சம்பந்தமான சந்தேகங்களை மற்ற பெண்கள் தயங்காமல் வந்து கேட்க முடிந்தது.

இந்தத் திட்டத்துக்கு 2001-ல் 'ஸ்டாக்ஹோம் சேலஞ்ச்' விருது கிடைத்தது. 'நம்ம ஊரு செய்தி' என்று மாதம் இருமுறை ஒரு பத்திரிகையும் வெளியானது. 'ஒவ்வொரு கிராமத்துக்கும் ஓர் அறிவு மையம்' என்ற தேசிய அளவிலான முயற்சி இதன் நீட்சியாக 2004-ல் உருவானது. பிறகு மொபைல் எல்லோர் கைக்கும் வந்தது. கம்ப்யூட்டர் அறையைத் தேடிப்போகும் அவசியம் குறைந்தது. அலை உயரம், காற்று, மீன் கிடைக்கும் பகுதி ஆகியவற்றை மீனவரின் போனிலேயே காட்டும் 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' செயலியை அதே நிறுவனம்தான் கொண்டுவந்தது.

இப்போது கடலிலும் சென்சார்

சுனாமிக்குப் பிறகு காட்சி மாறியது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனத்தில், 2007 அக்டோபரில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்பாட்டுக்கு வந்தது. பூமி அதிர்வதைச் சொல்ல நிலநடுக்கமானிகள், கரையோரத்தில் கடல்மட்டத்தை அளக்கும் கருவிகள், ஆழ்கடலின் தரையில் அழுத்தமானிகள். ஆழ்கடலில் சுனாமி மிகக் குறைந்த உயரத்துக்குத்தான் இருக்கும். மேலே போகும் கப்பலுக்கே தெரியாது. ஆனால், தண்ணீரின் எடை மாறுவதைத் தரையில் இருக்கும் அழுத்தமானி கண்டுபிடித்துவிடும். அந்தத் தகவல் மேலே மிதக்கும் மிதவைக்கு ஒலி அலையாகப் போய், அங்கிருந்து சாட்டிலைட்டுக்குப் போகும். தண்ணீருக்குள் ரேடியோ அலை தூரம் போகாது என்பதால்தான் இந்த ஏற்பாடு.

பாகூர் வயலுக்கு சென்சார் எதுக்கு?

கடலிலிருந்து வயலுக்கு வருவோம். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் பாகூர். தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வரும். ஏரி போதாதபோது போர்வெல்தான். கடல் பக்கத்திலேயே இருப்பதால், நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்தால் உப்புநீர் உள்ளே புகுந்துவிடும். பாகூர் பகுதியின் பெரிய கவலை இது.

நம் விவசாயிகளுக்கு ரிமோட் டெக்னாலஜி புதுசில்லை. மோட்டாருக்கு சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் வைத்து, வீட்டிலிருந்தே ஒரு மிஸ்டு காலில் ஓடவிடுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால், அந்த ஸ்டார்ட்டருக்கு மோட்டாரைப் போடத்தான் தெரியும். வயலுக்குத் தண்ணீர் தேவையா என்று தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது சென்சார்.

இங்கே உபயோகமானவை மூன்று.

*ஒன்று, நீர்மட்ட சென்சார்.* நெல் வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. ஓட்டை போட்ட ஒரு குழாயை வயலில் பதித்து, உள்ளே தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் வரை இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை இது. குழாயை எட்டிப் பார்க்கும் வேலையை சென்சார் செய்யும்.

*இரண்டு, உப்பு சென்சார்.* தண்ணீரில் உப்பு கூடக்கூட அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதை அளந்தால் உப்பு தெரிந்துவிடும். மண்ணின் உப்பு அளவு மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே நெல் மகசூல் குறைய ஆரம்பிக்கும். போர்வெல் தண்ணீர் கரிக்கிறது என்று நாக்குக்குத் தெரிவதற்கு முன்பே எச்சரிக்கை கிடைத்தால், மோட்டாரை நிறுத்தி யோசிக்கலாம்.

*மூன்று, ஏரிக்கும் ஆற்றுக்கும் வைக்கும் மட்டமானி.* மேலேயிருந்து ஒலி அலையையோ ரேடார் அலையையோ அனுப்பி, அது தண்ணீரில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கிட்டு மட்டத்தைச் சொல்லும்.

வயலில் வைஃபை கிடையாதே?

தேவையும் இல்லை. இதற்காகவே இருப்பது 'லோரா' என்கிற ரேடியோ முறை. வீடியோ எல்லாம் போகாது. 'நீர்மட்டம் 12, பேட்டரி 80' என்கிற அளவுக்குச் சின்னச் சின்னத் தகவல்தான் போகும். அதனாலேயே ஒரு சின்ன பேட்டரியில் சில வருடங்கள் ஓடும். திறந்தவெளியில் பல கிலோமீட்டர் தாண்டும். இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், விதிமுறைகளுக்கு உட்பட்டு லைசென்ஸ் இல்லாமலே பயன்படுத்தலாம். ஒரு உயரமான கட்டடத்தில் கேட்வே வைத்தால், சுற்றியுள்ள வயல்களின் சென்சார்கள் எல்லாம் அதனோடு பேசும். அங்கிருந்து இன்டர்நெட் வழியாக உங்கள் போனுக்கு வரும்.

கவனிச்சீங்களா? 1998-ல் வில்லியனூரில் வரைந்த அதே படம்தான். நடுவில் ஒரு மையம், சுற்றிலும் ரேடியோ, மையத்துக்கு மட்டும் இன்டர்நெட். மெஷின்கள் சிறியதாகிவிட்டன, விலை இறங்கிவிட்டது. டிசைன் மாறவில்லை.

ஃபெஞ்சல் சொன்ன பாடம்

2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதோடு முடியவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தின் சாத்தனூர் அணைக்கு வெள்ளம் வந்து, டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கும் மேல் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. பாகூர் பக்கத்து ஆற்றோர கிராமங்கள் தண்ணீரில் மிதந்தன. வீடூர் அணைத் தண்ணீர் சங்கராபரணியில் வர, வில்லியனூர் பக்கமும் வெள்ளம்.

அணையில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்பது துல்லியமாக அளக்கப்படுகிற விஷயம். ஆனால், 'விநாடிக்கு 1.6 லட்சம் கன அடி' என்று போனில் மெசேஜ் வந்தால், ஆற்றோரத்தில் இருக்கிற ஒரு பாட்டிக்கு அதில் என்ன புரியும்? 'இன்னும் இத்தனை மணி நேரத்தில் உங்க தெருவுக்கு இடுப்பளவு தண்ணி வரும், மாட்டை அவிழ்த்து விடுங்க, பள்ளிக்கூடத்துக்குப் போயிடுங்க' என்று சொன்னால்தான் அது எச்சரிக்கை. கன அடியை இடுப்பளவாக மாற்றுகிற அந்த வேலையைத்தான் அன்று வில்லியனூர் மையம் அலை வரைபடத்தை வைத்துச் செய்தது.

போன் எச்சரிக்கையிலும் முன்னேற்றம் இருக்கிறது. 2023-ல் நம் எல்லோருடைய போனும் திடீரென்று அலறியதே, அது 'செல் பிராட்காஸ்ட்' சோதனை. எஸ்.எம்.எஸ். ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனியாகப் போகும். நெரிசலில் தாமதமாகும். செல் பிராட்காஸ்ட் ரேடியோ மாதிரி. ஒரு டவரின் எல்லைக்குள் இருக்கும் எல்லா போனுக்கும் ஒரே நேரத்தில் போகும். நம்பரே தேவையில்லை. ஆனால், புயலில் டவருக்குக் கரன்ட் போனால்? பாட்டியிடம் போனே இல்லையென்றால்? அப்போது பேட்டரியில் ஓடும் ஒரு ஸ்பீக்கரும், அதை இயக்கத் தெரிந்த நாலு பேரும் வேண்டும்.

உங்க ஊருக்கு 'ஸ்மார்ட்' திட்டம் வந்தால் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. *இது எந்தக் கேள்விக்குப் பதில்?* ஊர் மக்கள் கேட்ட கேள்வியா, கம்பெனி நினைத்த கேள்வியா?

2. *தகவல் கடைசியில் யார் காதுக்கு, எந்த மொழியில் போகும்?* செயலியில் ஆங்கில கிராஃபாக மட்டும் இருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

3. *கரன்ட் போனால், டவர் விழுந்தால் என்ன?* மாற்று வழி தினமும் பயன்பாட்டில் இருக்க வேண்டும். ஆபத்து நாளில் புதிதாகத் தேடக் கூடாது.

4. *ரிப்பேர் யார் பார்ப்பார்கள்?* சேற்றிலும் உப்புக்காற்றிலும் சென்சார் பழுதாகும். அளவு தப்பாகவும் காட்டும். துடைத்து, சரிபார்க்க உள்ளூரில் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளமும் வேண்டும்.

5. *சாவி யாரிடம்?* அறையின் சாவி, டேட்டாவின் பாஸ்வேர்டு இரண்டுமே. எல்லாத் தெருக்காரர்களுக்கும் அது திறக்குமா?

இன்றே உங்க போனில் செய்யக்கூடியவை

செட்டிங்ஸில் 'வயர்லெஸ் எமர்ஜென்சி அலெர்ட்ஸ்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அரசின் 'சச்சேத்' செயலியில் பேரிடர் எச்சரிக்கைகள், 'மேகதூத்' செயலியில் மாவட்ட வாரியாக விவசாய வானிலை ஆலோசனை, 'தாமினி' செயலியில் மின்னல் எச்சரிக்கை கிடைக்கும். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் போனிலும் இன்காய்ஸ் தகவல் வருகிறதா என்று பார்த்துக்கொடுங்கள்.

கூடவே இன்னொன்று. உங்க தெருவில் போன் இல்லாத வீடு எது, காது சரியாகக் கேட்காதவர் யார் என்று ஒரு லிஸ்ட் போட்டு வையுங்கள். எச்சரிக்கை வந்தால் அந்தக் கதவுகளை யார் தட்டுவது என்று இப்போதே பேசி முடிவெடுங்கள். 2004-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த அந்த போன் காலும் ஒரு வீட்டுக்குத்தான் வந்தது. அந்த வீட்டோடு நின்றுபோகாததால்தான் ஊர் பிழைத்தது.